நன்றாக ஆடும் பையனை ஏன் எந்தக் கல்லூரியும் கூப்பிடுவதில்லை?

டல்லாஸ் பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லைன்பேக்கர், அதாவது முன்வரிசைக்குப் பின்னால் நின்று தடுப்பவன். மதிப்பெண்ணும் நன்றாக இருக்கிறதாம். உயரம் 5 அடி 10 அங்குலம், எடை 195 பவுண்டு. பந்து வைத்திருப்பவனை மடக்கிக் கீழே தள்ளுவதுதான் டேக்கிள், இரண்டு வருடமாக அணியில் அதிக டேக்கிள் அவனுடையதுதான். மாவட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலிலும் பெயர் வந்திருக்கிறது. ஆனால் ஸ்காலர்ஷிப் தந்து சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு கல்லூரியிலிருந்தும் ஆஃபர் இல்லை. அதே அணியில் 6 அடி 5 அங்குலத்தில் ஒரு லெஃப்ட் டேக்கிள் இருக்கிறான், பந்து வீசுபவனைக் காக்கும் வரிசையில் இடது ஓரத்தில் நிற்பவனுக்கு அந்தப் பெயர். இந்த வருடம்தான் முதல் பதினொன்றில் இடம்பிடித்தான், அவனுக்கு மூன்று ஆஃபர். "என் மகனிடம் என்ன குறை, யாரிடம் போய்க் கேட்பது?" என்பது அவர் கேள்வி.

நான் ஹூஸ்டன் புறநகரில் இருபது வருடமாக இருக்கிறேன். என் மகனும் இதே வழியில் நடந்தவன், சேஃப்டி, அதாவது எல்லோருக்கும் பின்னால் நிற்கும் கடைசித் தடுப்பாளன். நான்கு வருடம் வெள்ளிக்கிழமை இரவுகளில் மைதானத்துக் கூரைமேல் ஏறி நின்று பள்ளிக்காக ஆட்டத்தைப் படம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். பக்கத்துத் தெருப் பையன்கள் நாலைந்து பேர் கல்லூரி தேடியதைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் மகனிடம் குறை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பள்ளிக் கோச் ஒரு கேள்வி கேட்கிறார், கல்லூரிக் கோச் இன்னொரு கேள்வி கேட்கிறார். பள்ளிக் கோச்சுக்கு இந்த வெள்ளிக்கிழமை ஜெயிக்க வேண்டும். யார் பந்து வைத்திருப்பவனை மடக்கிக் கீழே தள்ளுகிறானோ அவன் ஆடுவான், அவ்வளவுதான். கல்லூரிக் கோச் உங்கள் மகன் இன்று செய்வதைப் பார்ப்பதில்லை. மூன்று நான்கு வருடம் கழித்து, 21 வயதில், இந்த உடம்பு என்னவாக இருக்கும், இதை நம்பி என் வேலையைப் பணயம் வைக்கலாமா என்று பார்க்கிறார். பெரிய கல்லூரிகளின் லைன்பேக்கர்கள் பொதுவாக 6 அடி 1 அங்குலத்துக்கு மேல், 225 பவுண்டுக்கு மேல் இருப்பவர்கள். எடையை ஏற்றிக்கொள்ளலாம், அதற்கென்றே அங்கே ஜிம்மும் சமையல்காரர்களும் இருக்கிறார்கள். உயரத்தையும் கை நீளத்தையும் யாரும் ஏற்ற முடியாது. அந்த லெஃப்ட் டேக்கிள் பையன் இன்றைக்குச் சுமாராக ஆடினாலும் அவனுக்கு மூன்று ஆஃபர் வந்தது இதனால்தான். 6 அடி 5 அங்குலத்தில், கால் வேகமாக நகரும் பதினேழு வயதுப் பையன்கள் நாட்டிலேயே குறைவு. 5 அடி 10 அங்குலத்தில் நன்றாக டேக்கிள் செய்யும் பையன்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள்.

ஒரு முறை மே மாதத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை கல்லூரிக் கோச்சுகள் பள்ளி பள்ளியாகச் சுற்றுவார்கள். கல்லூரிச் சின்னம் போட்ட சட்டையோடு ஒருவர் பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். பயிற்சி முடிந்ததும் பையன்களை வரிசையாகக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். நான் தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்றதால் எல்லாம் தெரிந்தது. அவர் கண் யாருடைய முகத்திலும் நிற்கவில்லை, மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்குமே போனது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம், "உன் செருப்பு சைஸ் என்ன? அப்பா எவ்வளவு உயரம்? அம்மா?" என்று கேட்டார். எவ்வளவு டேக்கிள் செய்தாய் என்று ஒருவனிடமும் கேட்கவில்லை. மாடு வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல இருந்தது எனக்கு. அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தபோது, அவர் விலைபேச வந்தது அந்தப் பையனின் இருபத்தொரு வயது உடம்பை என்பது புரிந்தது.

இந்தக் கணிப்பு எத்தனை தரம் தவறும் என்பதற்கு, என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில் பந்து வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காகப் பெயர் வாங்கிய ஜோஷ் ஆலன் ஒருவர் போதும். கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோவுக்கு மேற்கே ஃபயர்பா என்ற சின்ன ஊர், விவசாயக் குடும்பம். பள்ளி முடிக்கும்போது உயரம் இருந்தது, உடம்பு ஒல்லி. பெரிய கல்லூரி ஒன்றும் சீண்டவில்லை, பக்கத்திலேயே இருந்த ஃப்ரெஸ்னோ ஸ்டேட் உட்பட. ரீட்லி என்ற இரண்டு வருட ஜூனியர் காலேஜில் சேர்ந்து ஒரு சீசன் ஆடினார், உடம்பு வளர்ந்தது. பிறகு நாட்டிலுள்ள முதல்நிலைக் கல்லூரிக் கோச்சுகளுக்கெல்லாம் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாகத் தட்டிவிட்டார். பதில் ஆஃபராக வந்தது இரண்டு இடத்திலிருந்து, வயோமிங், ஈஸ்டர்ன் மிச்சிகன். வயோமிங் போனார். என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2018-இல் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டார், 2024 சீசனுக்கான என்எஃப்எல் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். அத்தனை கோச்சுகளும் முட்டாள்கள் இல்லை. பதினேழு வயது உடம்பை வைத்துக் கணக்குப் போட்டார்கள், அந்த உடம்பு பத்தொன்பதில்தான் வளர்ந்தது.

அடுத்தது, எண்ணிக்கை. நாடு முழுக்கப் பள்ளிகளில் ஃபுட்பால் ஆடுகிறவர்கள் சுமார் 10 லட்சம் பேர். அதில் வருடா வருடம் பள்ளி முடிப்பவர்கள் இரண்டரை லட்சம் என்று வையுங்கள். எஃப்பிஎஸ் எனப்படும் மேல்தட்டில் 130 சொச்சம் கல்லூரிகள். ஓர் அணி வருடத்துக்கு இருபது பள்ளிப் பையன்களை எடுத்தால்கூட மொத்தம் மூவாயிரம் வராது. நூற்றுக்கு ஒருவர். உங்கள் மகன் நூறில் ஐந்தாவது ஆளாக இருந்தாலும், அது பெரிய திறமை, இந்தக் கணக்கில் அவனுக்கு அங்கே இடம் இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஏனென்றால் பத்து வருடம் முன்பு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய பெற்றோர் தரும் யோசனை இன்றைக்குச் செல்லாது.

2018 அக்டோபரில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு டிரான்ஸ்ஃபர் போர்ட்டலைத் திறந்தது. கல்லூரி மாற நினைக்கும் ஆட்டக்காரன் அதில் பெயரைப் பதிந்தால் எந்தக் கோச்சும் அவனிடம் பேசலாம். 2021-இல், முதல் முறை கல்லூரி மாறும்போது ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டாம் என்று விதி தளர்ந்தது. 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. இடையில் கோவிட் வந்து, 2020 சீசனை யாருக்கும் கணக்கில் எடுக்காமல் எல்லோருக்கும் ஒரு வருடம் கூடக் கொடுத்தார்கள். அதனால் 23, 24 வயது ஆட்கள் இடத்தைக் காலி செய்யாமல் இருந்தார்கள். 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம் என்றானது. 2025 ஜூனில் ஒரு வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றது. அதன்பிறகு கல்லூரியே வருடம் மொத்தம் சுமார் 2 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம்.

இப்போது கோச்சின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். இவருக்கு ஒரு லைன்பேக்கர் வேண்டும். ஒரு பக்கம் உங்கள் மகன், பதினேழு வயது, நல்ல பையன், இன்னும் மூன்று வருடம் தயார் செய்ய வேண்டும். இன்னொரு பக்கம் சின்னக் கல்லூரி ஒன்றில் இரண்டு சீசன் ஆடி முடித்த இருபத்தொரு வயது ஆள், 235 பவுண்டு, நாளைக்கே களத்தில் இறக்கலாம். கோச் தோற்றால் இரண்டே வருடத்தில் வேலை போய்விடும். யாரை எடுப்பார்? மூன்று வருடம் வளர்த்தாலும் பையன் வேறு கல்லூரிக்குப் போகமாட்டான் என்று உத்தரவாதம் உண்டா? அதுவும் இல்லை. பையனை எடுத்து வளர்ப்பது என்ற பழைய வேலையையே பல கோச்சுகள் குறைத்துக்கொண்டுவிட்டார்கள். இது எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்லை. மெதுவாக வளரும் பையன்களுக்கு இருந்த வாசல் இதனால்தான் சிறுத்துப்போனது.

அதே சமரசம் இன்னொரு வாசலையும் குறுக்கிவிட்டது. முன்பு எஃப்பிஎஸ் அணிக்கு 85 ஸ்காலர்ஷிப் என்று உச்சவரம்பு இருந்தது. ஆனால் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேரும் வாக்-ஆன் பையன்களையும் சேர்த்து 120 பேருக்கு மேல் வைத்திருந்த அணிகள் உண்டு. இப்போது சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு மொத்த அணியே 105 பேர். அதாவது, "பணம் வேண்டாம், ஓரத்தில் ஒரு இடம் கொடுங்கள், ஆடிக் காட்டுகிறேன்" என்று நுழையும் வழி ரொம்பவே குறுகிவிட்டது. பேக்கர் மேஃபீல்ட் வாக்-ஆனாக டெக்சஸ் டெக்கிலும் பிறகு ஓக்லஹோமாவிலும் நுழைந்து 2017-இல் கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் வாங்கினாரே, அந்த மாதிரி கதைகள் இனிமேல் குறையும்.

சரி, கண்ணில் படுவது என்ற விஷயம். டெக்சஸில் இருந்துகொண்டு கண்ணில் படவில்லை என்றால் நம்ப முடியாதுதான். ஆலன் என்ற ஊரின் பள்ளிக்கு 2012-இல் 18,000 பேர் உட்காரும் மைதானத்தை 6 கோடி டாலரில் கட்டிய மாநிலம் இது. ஆனால் கூட்டம் பார்ப்பது வேறு, கல்லூரி பார்ப்பது வேறு. வெஸ்ட் கொலம்பியா என்று ஹூஸ்டனுக்குத் தெற்கே ஒரு சிறிய ஊர். அந்தப் பள்ளி விங்-டீ என்ற பழைய பாணி ஆட்டம் ஆடும். பந்தைக் கையில் கொடுத்து ஓடவிடுவதுதான் அதன் உயிர். அங்கே குவார்ட்டர்பேக்காக இருந்தவர் கேம் வார்ட். பந்தை வீசிக் காட்டவே வாய்ப்பில்லாதவனைக் குவார்ட்டர்பேக் என்று எப்படி மதிப்பிடுவது? பள்ளி ஆட்டக்காரர்களுக்கு ஸ்டார் கொடுத்துத் தரம்பிரிக்கும் தளங்கள் அவருக்கு ஒரு ஸ்டார்கூடக் கொடுக்கவில்லை. ஸ்காலர்ஷிப் தர முன்வந்தது இன்கார்னேட் வேர்ட் என்ற சான் அன்டோனியோ கல்லூரி மட்டும். அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மயாமி, 2025 டிராஃப்டில் நாட்டின் முதல் ஆள்.

உங்கள் மகன் விஷயத்திலும் இதைப் பாருங்கள். பள்ளி அவனை எந்த இடத்தில் ஆடவைத்தது? 5 அடி 10 அங்குலப் பையனை நடு லைன்பேக்கராக வைத்தது பள்ளியின் தேவைக்காக. கல்லூரியில் அதே உடம்பு சேஃப்டியாகவோ, நிக்கல் என்று சொல்கிறார்களே, வீசும் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரைப் பின்தொடரும் அந்த ஐந்தாவது பின்வரிசைத் தடுப்பாளராகவோதான் பொருந்தும். ஆனால் அவன் வீடியோவில் ரிசீவரைப் பின்தொடரும் காட்சி எத்தனை இருக்கிறது? இல்லாததைக் கோச் எப்படிப் பார்ப்பார்?

வீடியோ என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஹட்ல் என்ற ஆட்ட வீடியோத் தளத்தில் எல்லாப் பையன்களும் ஹைலைட் போடுகிறார்கள். என் மகனுடையதை நான்தான் வெட்டி ஒட்டினேன். ஆரம்பத்தில் பள்ளிச் சின்னம், அவன் படம், பாட்டு, அப்புறம் முதல் ஆட்டத்திலிருந்து தேதி வரிசையாக ஏழு நிமிடம். பெருமையாக இருந்தது. எங்கள் வட்டாரத்தில் கல்லூரியில் உதவிக் கோச்சாக இருந்து விலகிய ஒருவர் அதைப் பார்த்தார். பாட்டு ஓடும்போதே கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, "நான் தினமும் இப்படி அறுபது பார்ப்பேன். மூன்று பிளே. அதற்குள் பிடிக்கவில்லை என்றால் அடுத்தவன்" என்றார். பந்து நகர்ந்து நிற்கும்வரை உள்ள ஒவ்வொரு சின்ன ஆட்டத் துண்டும் ஒரு பிளே. அவர் சொன்னபடி மாற்றினோம். மிகச்சிறந்த பிளே முதலில். ஒவ்வொன்றிலும் பந்து நகர்வதற்கு முன்பே அவன் எங்கே நிற்கிறான் என்று வட்டம். ஓடும் வேகம் தெரியும் பிளேக்கள் முன்னால், கூட்டத்தோடு விழுந்து எழும் டேக்கிள்கள் பின்னால். மொத்தம் மூன்றரை நிமிடம். பதினோராம் வகுப்பு முழுக்க அந்த ஏழு நிமிட வீடியோவைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம் என்பது இன்னும் எனக்கு வலிக்கிறது.

இன்னொன்றிலும் தவறினோம். பள்ளித் தலைமைக் கோச் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தோம். அவருக்கு நூற்றுச் சொச்சம் பையன்கள், வகுப்பு வேறு எடுக்கிறார், எதிராளி அணியின் படம் பார்க்க வேண்டும். கல்லூரிகளோடு நல்ல தொடர்பு உள்ள பள்ளிக் கோச் போனை எடுத்து, "இவன் தேறுவான், வந்து பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அது பத்து வீடியோவுக்குச் சமம். அந்தத் தொடர்பு இல்லாத பள்ளியில் அந்த வேலையை வீட்டில்தான் செய்ய வேண்டும். நம்மவர்களுக்கு இதில் ஒரு கூச்சம் உண்டு. நம் பிள்ளையைப் பற்றி நாமே எழுதுவதா என்று. பெற்றோர் எழுத வேண்டாம், பையனே எழுதட்டும். கோச்சுகளுக்கும் அதுதான் பிடிக்கும்.

தற்செயலும் இதில் நிறைய உண்டு. ஆரன் ராஜர்ஸ் பள்ளி முடித்தபோது 5 அடி 10 அங்குலம், 165 பவுண்டு, முதல்நிலைக் கல்லூரி ஒன்றும் ஸ்காலர்ஷிப் தரவில்லை. ஊருக்குப் பக்கத்திலிருந்த ப்யூட் என்ற ஜூனியர் காலேஜில் சேர்ந்தார். பெர்க்லியின் கோச் ஜெஃப் டெட்ஃபோர்ட் அங்கே வேறொரு ஆட்டக்காரனைப் பார்க்கத்தான் வந்தார். வந்த இடத்தில் இவர் கண்ணில் பட்டார். நான்கு முறை என்எஃப்எல் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவரின் வாழ்க்கை, இன்னொருவனைப் பார்க்க வந்தவர் பார்வையில் திரும்பியிருக்கிறது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மகன் 40 யார்டை 4.5 வினாடியில் ஓடுகிறான் என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள், கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்தி எடுத்த நேரத்தை எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். வசந்த காலத்தில் தடகளத்தில் 100 மீட்டர் ஓடவையுங்கள். மின்னணுக் கருவியில் பதிவான நேரத்தோடு யாரும் வாதாட முடியாது.

மதிப்பெண். என்சிஏஏ கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது, மேலே இருப்பது டிவிஷன் 1. அதற்குக் கேட்பது 16 முக்கியப் பாடங்கள், அவற்றில் நான்குக்குக் குறைந்தது 2.3 சராசரி. அதில் 10 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். இதில் தவறி, நல்ல பையன்கள் பலர் கதவுக்கு வெளியே நின்றதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகனுக்கு மதிப்பெண் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது அவன் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் 1-இல்தான் ஆடுகின்றன. விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி. டிவிஷன் 3-இலும் விளையாட்டுக்கென்று பணம் இல்லை, ஆனால் பல கல்லூரிகளில் மதிப்பெண்ணுக்கு உண்டு. எம்ஐடி, சிகாகோ, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கார்னகி மெலன், நம் வீடுகளில் பிள்ளை பிறந்ததிலிருந்தே பேசப்படும் இந்தப் பெயர்களெல்லாம் டிவிஷன் 3-இல் ஃபுட்பால் ஆடும் கல்லூரிகள். டெக்சஸிலேயே சான் அன்டோனியோவில் டிரினிட்டி இருக்கிறது. என் மகன் டிவிஷன் 3-இல்தான் நான்கு வருடம் ஆடினான், மூன்று வருடம் முதல் பதினொன்றில்.

பையன்கள் கல்லூரியோடு ஒப்பந்தம் போடும் டிசம்பர் கையெழுத்து நாள் வருகிறதே, நேரம் முடிந்துவிட்டதே என்று பதறாதீர்கள். டிசம்பரில் முடிவது பெரிய கல்லூரிகளின் கணக்கு. அந்தச் சமயத்தில் கோச்சுகள் வேலை இழப்பதும் மாறுவதும் நடக்கும். உங்கள் மகனோடு பேசிக்கொண்டிருந்த உதவிக் கோச் திடீரென்று பதில் போடாமல் இருந்தால், அவர் ஊரிலேயே இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். டிவிஷன் 2 கல்லூரிகள் பிப்ரவரியில் மும்முரமாக இருக்கும். ஆஞ்சலோ ஸ்டேட், மிட்வெஸ்டர்ன் ஸ்டேட், வெஸ்ட் டெக்சஸ் ஏ அண்ட் எம் என்று டெக்சஸிலேயே இருக்கின்றன, அரை ஸ்காலர்ஷிப் கால் ஸ்காலர்ஷிப் என்று பிரித்துக் கொடுப்பார்கள். டிவிஷன் 3 ஏப்ரல் வரைகூட எடுக்கும். டிவிஷன் 1-இலேயே எஃப்பிஎஸ்ஸுக்கு அடுத்த, எஃப்சிஎஸ் என்ற இரண்டாம் தட்டையும் விடாதீர்கள். கூப்பர் கப் பள்ளி முடித்து அந்தத் தட்டிலுள்ள ஈஸ்டர்ன் வாஷிங்டனில் சேர்ந்தவர்தான், 2022 பிப்ரவரியில் என்எஃப்எல் இறுதியாட்டமான சூப்பர் பௌலின் ஆட்டநாயகன். பணம் வாங்கிக்கொண்டு கல்லூரி பிடித்துத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் போகாதீர்கள். அவர்கள் அனுப்பும் மொத்த மின்னஞ்சலைக் கோச்சுகள் திறப்பதுகூட இல்லை.

மகன் செய்ய வேண்டியது இது. நாற்பது கல்லூரிகள் எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொன்றின் அணிப் பட்டியலையும் திறந்து, இந்த வருடம் முடித்துப் போகும் சேஃப்டிகள் எத்தனை பேர், அவர்கள் உயரம் என்ன என்று பார்க்கட்டும். 5 அடி 10 அங்குலத்தில் ஆள் ஆடவைத்திருக்கும் கல்லூரிகள் மட்டும் பட்டியலில் இருக்கட்டும். சேஃப்டிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவிக் கோச்சின் பெயரைச் சொல்லி ஆறு வரி எழுதட்டும். உயரம், எடை, மதிப்பெண், 100 மீட்டர் நேரம், வீடியோ, பள்ளிக் கோச்சின் தொலைபேசி எண். மதிப்பெண் பட்டியலை இணைத்து அனுப்பட்டும். பதில் வரவில்லை என்றால் பத்து நாள் கழித்து மறுபடி.

முதலில் வீடியோவைச் சரிசெய்யுங்கள். சீசன் முழுவதிலும் அவன் ரிசீவரைப் பின்தொடர்ந்த பிளேக்கள், திறந்தவெளியில் தனியாக நின்று மடக்கிய பிளேக்கள், கிக்-ஆஃபில் முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்த பிளேக்கள், இந்த மூன்றையும் தேடி எடுத்து முன்னால் போடுங்கள். போட்டுவிட்டு எனக்கு இணைப்பை அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.